நன்றி சொல்லக்கூடாத முட்டைகள்

பிப்ரவரியில், பனி கல்லாகக் கிடந்த ஒரு வாரத்தில், மரநாய் ஒன்று என் கோழிக் கொட்டகையின் மூலைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே புகுந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். சேவலும் ஒன்பது பெட்டைகளும் கழுத்து கிழிந்து வரிசையாகக் கிடந்தன. ஒன்றையாவது தின்றிருந்தால் பசி என்று மன்னித்திருப்பேன். தின்னவில்லை. கொன்று வைத்துவிட்டுப் போய்விட்டது. என் முன்னாள் கணவன் ஸ்டெல்லானும் இந்த வீட்டை அப்படித்தான் விட்டுப் போனான்.

பிழைத்தவை இரண்டே இரண்டு பெட்டைகள். அவற்றில் ஒன்று முட்டையிடுவதை மறந்துபோன கிழம். மற்றது காலில் நீல வளையம் மாட்டியது. நான் கோழிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் வைக்கிறவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோர்பி கோழி எங்கள் தீவில்தான் உண்டு. சாம்பல் புள்ளி, சின்ன உடம்பு, இறகே இல்லாத வழவழப்பான கால். இருபத்திரண்டு வருடமாக வேறு ரத்தம் கலக்காமல் வளர்த்து வருகிறேன். கோழி இனக் காப்புச் சங்கத்தின் பதிவேட்டில் 'இங்கெலா வழி' என்றே எழுதியிருக்கிறது. அக்டோபருக்குள் கலப்பில்லாத ஒரு சேவலை நான் காட்டவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். விதி அது. நானும் கை தூக்கி ஆதரித்த விதி.

என் கொட்டகையைத் தவிர இந்தக் கோழி வேறு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் விவாகரத்தின்போது ஸ்டெல்லான் பாதிக் கூட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதிலும் ஒரு நாள்கூடக் கொட்டகையைக் கூட்டாதவன் அவன். கோழி எச்சத்தின் வாடை ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டவன். பிரிந்து போன இரண்டாம் வருடமே சங்கத்தின் தீவுக் கிளைக்குத் தலைவர் ஆகிவிட்டான். தூய இனத்தைக் காப்பது பற்றி அவன் ஆற்றும் உரையைக் கேட்டு ஆட்கள் கண் கலங்குகிறார்களாம். என்ன செய்வது, கண்ணீர் மலிவு.

அவனிடம் போய்க் கேட்கக்கூடாது என்று மூன்று மாதம் இருந்தேன். மே மாதம் நீல வளையம் அடைபடுத்து என் வீம்பைக் கெடுத்தது.

விறகுக் கொட்டகை மூலையில் உடம்பைத் தட்டையாகப் பரப்பி, கிட்டே போனால் உறுமிக்கொண்டு, நான் வைத்த போலிச் சுண்ணாம்பு முட்டைகளின் மேல் பத்து நாளாக உட்கார்ந்திருந்தது. இன்னும் மூன்று வாரம் உட்காரும். அதற்கு மேல் எந்தக் கோழியையும் நம்ப முடியாது. மால்மோவில் பல் மருத்துவராக இருக்கும் என் மகள் தூவாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? உன் கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"விழும்."

"விழுந்தா குனிஞ்சு எடுத்து வச்சுக்கோ. கோழி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"அவன்கிட்டப் போயி நான் பல்லக் காட்டணுமா?"

"பல்லக் காட்ட வேண்டாம்மா. பல்லு என் வேல. நீ கூடையக் காட்டு, போதும்."

கூடையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நான்கு கிலோமீட்டர். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எங்கள் பக்கத்தில் அடைக்கு வைக்கும் முட்டையை யாரும் விற்பதில்லை, இனாமாகத்தான் கொடுப்பார்கள். அதை வாங்குகிறவர் நன்றி சொல்லவும் கூடாது. சொன்னால் ஒன்றுகூடப் பொரிக்காது, எல்லாம் கூமுட்டையாகிவிடும் என்பார்கள். கொடுப்பவர் "ம்" என்பார், வாங்குபவர் "ம்" என்பார், அவ்வளவுதான். நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடமாக நான் சொன்னதில்லை. ஸ்டெல்லானுக்கு நன்றி சொல்லத் தேவையில்லாத ஒரு காரியம் உலகத்தில் இருக்கிறதே என்று மிதித்தேன்.

அவன் வீட்டுக் கோழிக் கொட்டகைக்கு ரோஜா நிறச் சாயம். ஜன்னலில் பூப்போட்ட திரை. கோழிக்குத் திரை! உள்ளே யார் உடை மாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. கதவில் ஒரு பலகை தொங்கியது: ஆகாத்தா, பியோனி, மார்கரீட்டா, இன்னும் ஏழெட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டி இதயம். எல்லாம் அவன் புது மனைவி டெசிரேயின் கைவேலை. ஸ்டாக்ஹோமில் வாசனைத் திரவியக் கடையில் நின்றவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பூப்போட்ட ரப்பர் பூட்ஸில், இமைக்கு மை தீட்டிக்கொண்டு, கோழித் தீவன வாளியோடு வந்தாள்.

"வாங்க வாங்க, இங்கெலா! நீங்க வந்தது எவ்ளோ சந்தோஷம்! காபி குடிக்கிறீங்களா? ஏலக்காய் பன் சுட்டிருக்கேன், சாப்பிடுறீங்களா?"

இந்த நாட்டில் ராஜாவைத் தவிர எல்லோரையும் எல்லோரும் நீ என்றுதான் கூப்பிடுகிறோம். ஒருவரை நீங்க என்றால், வயசாகிவிட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் எட்டி நில் என்று அர்த்தம். கடையில் நின்று பழகிய வாய்.

"நீன்னே சொல்லு. நான் ஒண்ணும் உன் கடைக்கு சென்ட் வாங்க வரல."

"ஐயோ, சரிங்க" என்றாள்.

ஸ்டெல்லான் வெளியே வந்தான். வீட்டில் இருக்கும்போதும் சட்டையில் சங்கத்தின் பித்தளை வில்லையைக் குத்தியிருந்தான். தூங்கும்போது எங்கே குத்துவானோ.

"இங்கெலா! நீ மனசு மாறி நேர்ல வந்து கேட்டியே, அதுவே எனக்கு..."

"மனசெல்லாம் மாறல. கோழி அடைபடுத்திருக்கு. பன்னெண்டு முட்ட வேணும்."

"அதுக்கென்ன? நம்ம இனத்தக் காப்பாத்துறது நம்ம ரெண்டு பேரோட கடம இல்லையா?"

"உரையெல்லாம் கூட்டத்துல வச்சுக்கோ. உன் கோழிக் கூட்டத்துல ஒரே சேவல்தானே?"

அவன் சிரித்தான். "என்கிட்டயே இந்தக் கேள்வியா? வேணும்னா இப்ப போயி எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டைகள். நடுவில் சாம்பல் புள்ளியோடு ஒரே ஒரு நோர்பி சேவல். கொண்டையின் நுனி கருத்து வடுவாக இருந்தது.

"கொண்டைக்கு என்ன ஆச்சு?"

"பனி கடிச்சிடுச்சு" என்றான் ஸ்டெல்லான். டெசிரே ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "டெசிரே, பன் கருகுது பாரு" என்றான் அவன். அவள் உள்ளே ஓடினாள். எனக்குக் கருகல் வாடை எதுவும் வரவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவளை ஒரு பொருட்டாக நினைத்துப் பழக்கமில்லாததால், அவள் வாயை மூடியதில் எனக்கு நிம்மதிதான்.

வைக்கோல் பரப்பிய கூடையில் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கிக் கொடுத்தான். "ம்" என்றான். "ம்" என்றேன்.

பயணம் செய்த முட்டையை உடனே அடைக்கு வைக்கக்கூடாது, ஒரு நாள் அசையாமல் இருக்க வேண்டும். சரக்கறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஏழாவது முட்டையைத் தூக்கியபோது வைக்கோலில் ஏதோ மின்னியது. விரல் நீள இறகு. பொன்னிறம். பஞ்சு மாதிரி மெத்தென்று, நுனியில் வளைந்து.

நோர்பி கோழியின் உடம்பில் பொன்னிறம் கிடையாது. அந்த வளைவுள்ள இறகு ஒரே இடத்தில்தான் முளைக்கும்: கொச்சின் சேவலின் காலில். கண்காட்சிகளில் சோபா மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி உருண்டு வருமே, அந்த ஜாதி.

முட்டைகளைக் கூடையோடு சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்கு கிலோமீட்டரும் இடுப்பு சீட்டில் படவில்லை.

ஸ்டெல்லானின் கார் வாசலில் இல்லை. துணி துவைக்கும் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே டெசிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பெட்டையை வைத்துக்கொண்டு அதற்கு ஆப்பிள் ஊட்டிக்கொண்டிருந்தாள். துவைக்கும் இயந்திரத்தின் மேல் மடித்த துண்டு. துண்டின் மேல் ஒரு கூடை. சுவரில் குழந்தைகளுக்குப் போடும் ஒரு இரவு விளக்கு. அந்த அறையில் ஒரு கோழி முட்டை அளவுக்குக்கூட அறிவு இருக்கிற அடையாளம் இல்லை.

இறகை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது யாரு?"

அவள் முகம் மலர்ந்தது. "பரோன்!" பிறகு கண்ணில் நீர் கட்டியது. "கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லான் எனக்கு வாங்கிக் கொடுத்தார். ரொம்ப அழகுங்க. பத்து நாளைக்கு முன்னாடிதான் எங்க அக்கா பண்ணைக்கு அனுப்பிட்டார். ஜூன்ல சங்கத்துலேர்ந்து ஆள் பாக்க வராங்களாம், இருந்தா நல்லா இருக்காதுன்னு."

"பத்து நாள்."

"ஆமா. பரோன் போயிட்டான், இனிமே எல்லாம் சுத்தந்தான்னு சொன்னார்."

சேவல் மிதித்த பெட்டைக்குள் அதன் வித்து மூன்று வாரம் தங்கும். நான்கு வாரம் காத்திருந்தால்தான் நிம்மதி. கோழி வளர்ப்பில் முதல் வருடம் படிக்கிற பாடம் இது. இதை எத்தனையோ புது ஆட்களுக்கு மேடையில் நின்று சொன்னவன் ஸ்டெல்லான். தெரியாமல் கொடுத்தவன் இல்லை. எனக்குப் பொரிக்கும் குஞ்சுகள் காலில் இறகோடு வரும், சங்கத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், கலப்பு செய்தவள் என்று என் பெயர் அடிபடும், அவன் மேடையில் நின்று வருத்தம் தெரிவிப்பான். ஒரு கூடை முட்டையில் இவ்வளவும் இருந்தது.

நான் துணிக்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டெசிரே பயந்துபோனாள்.

"இங்கெலா, தண்ணி வேணுமா?"

"உன் புருஷன் பெட்டைங்க எல்லாத்தையும் மிதிச்சது அந்த மெத்ததான? இந்தத் தீவுல சுத்தமான முட்ட ஒண்ணுகூடக் கிடையாது. புரியுதா உனக்கு? இருபத்திரண்டு வருஷம்."

"எல்லாத்தையும் இல்லீங்க" என்றாள் அவள். "மார்கரீட்டாவ மிதிக்கல."

"யாரு மார்கரீட்டா?"

மடியில் இருந்த பெட்டையைத் தூக்கிக் காட்டினாள். நோர்பி பெட்டை. சாம்பல் புள்ளி, வழவழப்பான கால்.

"மார்ச் நடுவுல இவ அடைபடுத்தா. ஸ்டெல்லான் கம்பிக் கூண்டுல போட்டு, அடிவயித்துல குளிர் காத்துப் பட வச்சா அடை தெளிஞ்சிடும்னார். எனக்கு மனசு கேக்கல. அம்மாவாகணும்னு ஆசப்படுறவளப் போயி கூண்டுல போடுறதா? இங்க கூட்டிட்டு வந்துட்டேன். அஞ்சு வாரம் உக்காந்திருந்தா."

"எது மேல?"

"கடையில வாங்கின முட்ட மேல."

"கடை முட்ட" என்றேன். "சேவலையே பாக்காத கோழியோட முட்ட."

"அது எனக்குத் தெரியாதுங்க. நாத்தம் வந்ததும் எடுத்துட்டேன். அதுக்கப்புறம் எழுந்துட்டா. ஆனா வெளிய விட எனக்குப் பயம், பரோன் ரொம்ப கனம், ஏறினா இவ முதுகு ஒடிஞ்சிடும். அதனால இங்கயே சேவலோட விட்டுட்டேன்."

"எந்தச் சேவலோட?"

"நம்ம சின்னச் சேவல். பரோன் அவன் கொண்டையக் கொத்திக் கொத்தி ரத்தமா ஆக்கிட்டான். ஜனவரிலயே இங்க கொண்டு வந்துட்டேன். பனி கடிச்சதுன்னு ஸ்டெல்லான் சும்மா சொன்னார். இப்ப பகல்ல வெளிய போறான், சாயங்காலம் இவகிட்ட வந்துடுவான். ரெண்டு பேரும் அந்த இஸ்திரிப் பலகை மேலதான் தூங்குவாங்க. ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க மாட்டாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்."

நான் மனதுக்குள் எண்ணினேன். மார்ச் நடுவிலிருந்து இரண்டு மாதம். பரோனின் வித்து எப்போதோ போயிருக்கும். அதற்குப் பிறகு பார்த்தது நோர்பி சேவலை மட்டும்.

"இவ முட்ட விடுறாளா?"

"பத்து நாளா. ஏழு இருக்கு."

"சாப்ட்டியா?"

"சீ! மார்கரீட்டா முட்டையவா?"

"எங்க வச்சிருக்க? ஃப்ரிட்ஜ்லயா?" ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எல்லாம் போயிற்று.

"ஃப்ரிட்ஜ்ல வச்சா அதுங்களுக்குக் குளிருமேன்னு நிலவறையில வச்சிருக்கேன். தினம் ஒரு தடவ திருப்பிப் போடுவேன், ஒரே பக்கமா படுத்திருந்தா வலிக்குமில்ல?"

அடைக்குச் சேர்க்கும் முட்டையைக் குளிர்ந்த நிலவறையில்தான் வைக்க வேண்டும். தினமும் திருப்பத்தான் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடமும் ஐம்பது கூமுட்டையும் ஆயின. முட்டைக்கு முதுகு வலிக்கும் என்று நினைக்கிற ஒருத்தி ஒரு தப்பும் செய்யாமல் செய்து வைத்திருக்கிறாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி இதன்மேல்தான்.

அவள் நிலவறைக்குப் போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முட்டைக்கும் கம்பளி நூலில் பின்னிய சின்ன உறை. ஏழு உறைகளையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏழு முட்டைகளையும் என் கழுத்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் நின்ற பழக்கம். பொட்டலத்தைக் கொடுத்ததும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருக்கிறாள்.

"ம்" என்றேன்.

அவள் முகம் வாடியது. விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லான் கையில் காகிதக் கட்டோடு இறங்கினான். ஜூன் கூட்டத்துக்கான உரையை நகல் எடுத்து வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வில்லையைத் தொட்டுக்கொண்டான்.

"என்ன இங்கெலா, அதுக்குள்ள அடைக்கு வச்சுட்டியா?"

சைக்கிளிலிருந்து அவன் கொடுத்த பன்னிரண்டு முட்டைகளையும் கூடையோடு எடுத்து, கார் முகப்பின் மேல் வைத்தேன். அதன் மேல் பொன்னிற இறகைச் செருகினேன். அவன் நிறம் மாறியது.

"இங்கெலா, நான் விளக்கமாச் சொல்றேன்..."

"ரொம்ப நன்றி, ஸ்டெல்லான்."

அவன் ஒரு அடி பின்னால் போனான். இந்த ஊரில் பிறந்தவன், அவன் அம்மாவின் கொட்டகையில் வளர்ந்தவன். என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரியும்.

"வேண்டாம், அப்படிச் சொல்லாத..."

"மனசார நன்றி. இந்த முட்டைக்கு, உன் சேவலுக்கு, உன் உரைக்கு, எல்லாத்துக்கும் நன்றி. ஜூன் கூட்டத்துல பரோன் கதைய நீயே சொல்லு. இல்லன்னா நான் வந்து சொல்றேன், அதுக்கும் சேத்து நன்றி சொல்லிட்டு."

மெதுவாக மிதித்தேன், முட்டைகள் குலுங்காமல். முதுகுக்குப் பின்னால் டெசிரே, "என்னங்க, எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல, உங்களுக்கு மட்டும் அத்தன தடவ சொல்றாங்க" என்று கேட்பது காதில் விழுந்தது.

மறுநாள் மாலை மங்கியதும் சுண்ணாம்பு முட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஏழு முட்டைகளையும் நீல வளையத்தின் அடியில் தள்ளினேன். அது என் மணிக்கட்டைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. நல்ல கோழி.

ஜூன் கூட்டத்தில் ஸ்டெல்லான் தானே சொன்னான். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். கலப்பு இனங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோதனை முயற்சி என்றான். யாரும் கண் கலங்கவில்லை. வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். அவன் கோழிக் கூட்டம் பதிவேட்டிலிருந்து அடிபட்டது.

அதற்குள் என் கொட்டகையில் இருபத்தொன்றாம் நாள் வந்து போயிருந்தது. ஏழில் ஐந்து பொரித்தன. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் மல்லாத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலைப் பார்த்தேன். ஐந்து ஜோடிக் கால்கள். ஒன்றில்கூட இறகு இல்லை.

அடுத்த ஞாயிறு டெசிரே வந்தாள், அதே பூட்ஸ், அதே மை. கையில் ஒரு காகிதப் பை. வாசலிலேயே நின்றாள்.

"அவர் சொல்லிட்டார்" என்றாள். "முட்டைக்கு நன்றி சொல்லக்கூடாதாமே. நீங்க அவருக்குச் சொன்னீங்கள்ல, அன்னிலேர்ந்து அவர் சரியாத் தூங்கல. எனக்கு மட்டும் நீங்க நன்றி சொல்லல." அவள் பூட்ஸ் நுனியைப் பார்த்தாள். "நான் உங்கள மரியாத தெரியாதவங்கன்னு நெனச்சு ஒரு வாரம் அழுதேன்."

"இன்னும் நீங்கன்னுதான் சொல்ற."

"சரி. நீ." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். "குஞ்சுங்களப் பாக்கலாமா?"

பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்குப் போதுமான அளவுக்கு நான் ஒருபோதும் செய்வதில்லை, அன்று ஏனோ செய்திருந்தேன். அவளை விறகுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். குஞ்சுகளைப் பார்த்ததும் அவள் எதிர்பார்த்தபடியே அழுதாள், எதிர்பார்த்தபடியே ஐந்துக்கும் பெயர் வைக்கத் தொடங்கினாள்.

"பேரெல்லாம் வைக்காத."

"மனசுக்குள்ள வச்சுக்குறேன்."

"மனசுக்குள்ளயும் வேண்டாம். அந்தப் பையில என்ன?"

ஐந்து கம்பளித் தொப்பிகள். கட்டைவிரல் அளவு. காதுக்குக் கயிறு வேறு. கோழிக்குக் காது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் தொப்பிகளை எடுத்து, சமையலறை மேசையின் இழுப்பறையில், அரைகுறை மெழுகுவர்த்திகளுக்கும் உடைந்த ரப்பர் வளையங்களுக்கும் நடுவில் போட்டு மூடினேன். தொப்பி அடைமுட்டை இல்லை. அதற்கு நன்றி சொல்லலாம், எந்தத் தடையும் கிடையாது.

சொல்லவில்லை. தொப்பி அவ்வளவு கேவலமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை, ஐந்தில் ஒன்று வேலி மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டி, தொண்டையில் துரு பிடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூவல்தான், சந்தேகமில்லை. காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் போய் அதைப் பிடித்துக் காலில் சிவப்பு வளையம் மாட்டினேன். பிறகு டெசிரேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஒண்ணு கூவுது" என்றேன்.

"எது? ஃபிரெட்ரிக்கா?"

"ம்" என்றேன்.